இரண்டாவது இலை

கினுவே என் மதுக்கடைக்குள் ஓடி வந்தபோது ஒரு காலில் ரப்பர் பூட்ஸ், இன்னொரு காலில் அவள் மாமனாருடைய மரச்செருப்பு. நான் காலி பீர் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. அந்த மாமனார், பக்கத்து வீட்டில் முடிதிருத்தகம் வைத்திருக்கிற கிசாபுரோவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, வழுக்கி விழுந்துவிட்டார், இனி எனக்கு யார் முடி வெட்டுவது என்றெல்லாம் ஒரு நொடியில் நினைத்துவிட்டேன். மனுஷ புத்தி அப்படித்தான் போகும்.

"ரெண்டாவது இலை வந்துருச்சு அண்ணே" என்றாள்.

எனக்குக் கையிலிருந்த பாட்டில் நழுவியது. உடையவில்லை.

ஜப்பானில் பனி அதிகம் கொட்டுகிற எங்கள் எச்சிகோ பக்கத்தில் கதகுரிப் பூவைத் தெரியாதவர்கள் கிடையாது. மலையில் பனி கரைந்ததும் சரிவு முழுக்க ஊதாவும் ரோஜாவுமாகத் தலை கவிழ்ந்து பூத்துக் கிடக்கும். ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். மரங்கள் இலை விட்டு நிழல் கட்டுவதற்குள் மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடும். அது வருஷத்துக்கு ஒரே ஒரு இலைதான் விடும். விதையிலிருந்து வந்தால் ஏழெட்டு வருஷம் அந்த ஒற்றை இலையோடுதான் காலம் தள்ளும். பூக்கலாம் என்று அதற்கு எப்போது தோன்றுகிறதோ அந்த வருஷம்தான் இரண்டாவது இலையை வெளியே விடும். மலையில் இதையெல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. சமவெளியில், ஒரு முடிதிருத்தகத்தின் கொல்லையில், அது இரண்டாவது இலை விட்டதாக அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

வேலியில் ஒரு பலகை கழன்றிருந்தது. அந்த இடுக்கு வழியாக நுழைந்து போனோம். அவர்கள் வீட்டின் வடக்குப் பக்கம் அது. கூரைப் பனி முழுக்கச் சரிந்து விழுந்து குவிகிற இடம். தெருவில் தூசி பறக்க ஆரம்பித்த பிறகும் அங்கே அழுக்குப் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். அதன் ஓரத்தில் பழைய ஓக் மரம் ஒன்று, அதன் அடியில் ஊறிக் கறுத்த இலைச் சருகு. சருகுக்குள்ளிருந்து பழுப்புப் புள்ளி போட்ட இலைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. கினுவே மண்டியிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், எங்கே ஆசையில் தொட்டுவிடுவோமோ என்று. மோவாயால் காட்டினாள். ஒற்றை இலைகளுக்கு நடுவே அங்கங்கே ஜோடி ஜோடியாக இலைகள். ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் கோதுமை மணி போல ஒரு மொட்டு. இருபதுக்கு மேலே இருக்கும். நானும் குனிந்து, எனக்கே தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவள் கல்யாணமாகி வந்த முதல் கோடையில் பிறந்த வீட்டு மலைக்குப் போய் ஒரு கைப்பிடி விதை கொண்டுவந்து தூவியது அது. அடுத்த வசந்தத்தில் தலைமுடி கனத்தில் பச்சையாக ஏதோ முளைத்தது. நாள் முழுக்க வெட்டி, கூட்டி, வெளியே தள்ளுகிறதைத்தான் இவள் நட்டு வளர்க்கிறாள் என்று கிசாபுரோ கடையில் சொல்லிச் சிரித்தார். அதற்கடுத்த வருஷம் நகத்தளவு, பிறகு கட்டைவிரல் அளவு, அப்புறம் தேக்கரண்டி அளவு. மற்ற பத்து மாதமும் வெறும் மண்ணுக்குத்தான் அவள் காவல் இருந்தாள். கயிறு கட்டி யாரையும் மிதிக்க விடமாட்டாள். மாமியார் ஹாத்சு சுத்தத்தில் பைத்தியம், விளக்குமாறை எடுத்துக்கொண்டு சருகைக் கூட்டப் போவாள். இவள் பின்னாலேயே போய்ச் சருகைத் திரும்ப அள்ளிக் கொட்டுவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே காலையில் ஒருத்தி கூட்ட, மத்தியானம் ஒருத்தி கொட்ட என்று ஒரு இலையுதிர்காலம் முழுக்க நடந்தது. கோடையில் மேல்மண் காய்ந்துவிடக் கூடாதென்று மரத்தின் கீழ்க்கிளை ஒன்றைக்கூட வெட்ட விடவில்லை. வசந்தத்தில் வெயில் வேண்டும், கோடையில் நிழல் வேண்டும், அதற்கு இலை உதிர்க்கிற மரம்தான் சரி என்பாள். வேலி இடுக்கு வழியாக எட்டு வருஷம் இதைப் பார்த்ததில் எனக்கே பாடமாகிவிட்டது.

அந்த வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. நாற்காலியும் கண்ணாடியும் கிசாபுரோவுடையவை. சமையலறை ஹாத்சுவுடையது. வானொலிப் பெட்டி மகனும் கினுவேயின் புருஷனுமான நோபுவோவுடையது. கினுவே உரிமம் வாங்கிய நல்ல கைத்தொழில்காரி, சவரம் செய்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஆனால் அவள் பிடிக்கிற கத்தரிக்கோல்கூட மாமனார் ஒதுக்கிய பழையதுதான். அவள் வாய்விட்டு என்னுடையது என்று சொன்னது அந்த நிழல் மண்ணை மட்டும்தான், அதுவும் மெதுவாக.

அந்த மண்ணுக்கும் ஆபத்து வந்தது. ஊருக்கு வெளியே புதுச் சாலையில் ஒருவன் பெரிய முடிதிருத்தகம் திறந்தான். கார் நிறுத்த இடம் விட்டிருந்தான். எங்கள் தெருவோ இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய தெரு. கிசாபுரோவிடம் இருபது வருஷமாகத் தலை கொடுத்தவர்களெல்லாம் காரில் ஏறிப் போய் அங்கே வெட்டிக்கொண்டு வந்தார்கள். கிழவர் வேலையில்லாமல் கத்தியைத் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காது. அதற்கு முந்தின இலையுதிர்காலத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்: ஓக் மரத்தை வெட்டி, கொல்லையில் காங்கிரீட் போட்டால் இரண்டு கார் நிற்கும். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கடை வைத்திருப்பவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

கினுவே அன்றுதான் முதல் முறையாக மாமனாரை எதிர்த்துப் பேசினாள். நான் முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன், அவள் கையில் சவரக்கத்தி. மாமா, அது பூக்கும் என்றாள். ஏழு வருஷமாகப் பூக்காதது இனியா பூக்கும் என்றார் அவர். பூக்கும் என்றாள். மலையில் பூக்கிறது சமவெளியில் பூக்காது, உன்னால் ஆகாததை ஆகும் என்று சொல்லாதே என்றார். கத்தி என் தொண்டையிலேயே நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியாக நான் இருந்ததில்லை.

கடைசியில் கிழவர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "சரி. வர்ற வசந்தத்துல பூத்துச்சுன்னா மரத்துல கை வைக்க மாட்டேன். பூக்கலைன்னா பனி கரைஞ்சதும் ஷிபாத்தா வந்துருவான். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"சரி மாமா" என்றாள். பிறகுதான் கத்தி நகர்ந்தது.

ஷிபாத்தா எங்கள் ஊரில் காங்கிரீட் வேலை எடுத்துச் செய்கிறவன். இப்போது புரிந்திருக்கும் எனக்கு ஏன் பாட்டில் நழுவியது என்று. பூக்காது என்று ஒரு பெரிய பாட்டில் அரிசி மதுவைப் பந்தயம் வைத்திருந்தவன் நான்.

செய்தி தெருவில் பரவ அரைநாள்கூட ஆகவில்லை. அந்த வாரம் கிசாபுரோ கடையில் கூட்டம் அலைமோதியது. போன வாரம்தான் வெட்டிக்கொண்ட தபால்காரர் திரும்ப வந்து காது ஓரத்தில் கொஞ்சம் எடுங்கள் என்றார். வழுக்கைத் தலை மீன்கடைக்காரர் வந்து உட்கார்ந்துகொண்டு, சும்மா தடவியாவது விடுங்கள் என்றார். எல்லாரும் முடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்கள். கயிற்றைத் தாண்டியவர்களைக் கினுவே சீப்பைக் காட்டி மிரட்டினாள். கடையில் இரண்டு கட்சி. நோபுவோ இரண்டு கட்சியிலும் இருந்தான், பாவம். மனைவி முன்னால் பூவுக்கு, அப்பா முன்னால் காங்கிரீட்டுக்கு.

கிழவர் மட்டும் தலையைக் குனிந்து முடி வெட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் கூரைத் தண்ணீர்க் குழாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொல்லைக்குப் போனார் என்று எனக்குத் தெரியும். குழாயைப் பார்க்கிறவர் மேலே பார்க்க வேண்டும். இவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

மொட்டுகள் நிறம் ஏறின. காம்பு வளைந்து தலை தொங்கியது. கதகுரி ஒரு விசித்திரமான பூ, மேகமூட்டமாக இருந்தால் வாயே திறக்காது. நல்ல வெயில் பட்டால்தான் இதழ்களைப் பின்பக்கமாக மடக்கிக்கொண்டு விரியும். அந்த வாரம் முழுக்க வானம் ஈரத் துணி போட்டு மூடியது போல இருந்தது. திங்கட்கிழமை நல்ல வெயில் என்று வானொலியில் சொன்னார்கள். திங்கட்கிழமை முடிதிருத்தகத்துக்கு விடுமுறை. அன்றைக்குத் தெருவே கொல்லையில் கூடுவதாக ஏற்பாடு. மீன்கடைக்காரர் சுட்ட கணவாய் கொண்டு வருவதாகச் சொன்னார். தோற்றவன் என்ற முறையில் மது என் பொறுப்பு என்று எனக்கு முன்பே அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பேருந்தில் கினுவேயின் அப்பா தோராஜி வந்து இறங்கினார்.

தோராஜி கரி சுட்டு, காளான் வளர்த்து, மலையோடு கிடக்கிற மனுஷர். பனியில் மூடிய மலைச்சாலை திறந்ததும் முதுகுக் கூடையில் மலைக்கீரைகளோடு மகளைப் பார்க்க வருவார். வழக்கமாக அவர் வரும்போது நடவு முடிந்திருக்கும், கதகுரி மண்ணுக்குள் போயிருக்கும். அந்த வருஷம் சாலை சீக்கிரம் திறந்துவிட்டது. பந்தயத்தைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. பிறந்த வீட்டுக்குப் புகார் சொல்லி அனுப்புகிற பெண் அல்ல கினுவே.

அவர் வந்தபோது கடை நிரம்பி வழிந்தது. கினுவே நுரைக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்து, "உள்ள இருங்கப்பா, மத்தியானம் வந்துர்றேன்" என்றாள். அவருக்குச் சும்மா இருக்கத் தெரிந்தால்தானே. ஹாத்சு அடுப்பில் சோறு வைத்துவிட்டுக் கடைக்குத் துண்டு துவைத்துக் கொடுக்கப் போனாள். மனுஷர் கூடையைப் பிரித்தார், சுருள் பெரணியைக் கழுவினார், கழுவிய தண்ணீரைக் கொட்டக் கொல்லைக் கதவைத் திறந்தார்.

விருந்தாளிக்கு மது கொண்டு போன என்னையும் சாப்பிட உட்காரச் சொன்னார்கள். மிசோ சாறு, முள்ளங்கி ஊறுகாய், மாவில் தோய்த்துப் பொரித்த கசப்பு மொட்டு, எள் போட்ட பெரணி. நடுவில் ஒரு நீலக் கிண்ணத்தில் வெந்த கீரை, மேலே சோயா சாறு சொட்டியிருந்தது. கிசாபுரோவின் குச்சிகள் அந்தக் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. நானும் ஒரு வாய் எடுத்தேன். கசப்பே இல்லை, வழுவழுவென்று உள்ளே போனது, பின்னால் ஒரு இனிப்பு.

"இது என்ன கீரை சம்பந்தி? இப்படி இனிக்குது?" என்றார் கிழவர் வாய் நிறைய.

தோராஜிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நான் கொண்டு வந்ததில்லைங்க. இது உங்க வீட்டுதுதான். கொல்லைக் கதவைத் திறந்தேன், பாத்தா கதகுரி. சமவெளியில கதகுரி இருக்கும்னு யாரு கண்டா? மலையில நாங்க வருஷத்துக்கு ஒரு வாட்டியாச்சும் தின்னுருவோம்."

கிழவரின் தாடை அப்படியே நின்றுவிட்டது. நான் குச்சியை வைத்தேன். ஹாத்சு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கினுவே கையைத் துடைத்துக்கொண்டே வாசல் திரையை விலக்கி உள்ளே வந்தாள்.

மகளைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. "நீ பயப்படாதே தாயி, முறை தவறலை. ஒத்த இலைய ஒண்ணைக்கூடத் தொடலை, அது குழந்தைங்க. ரெண்டு இலை விட்டு மொட்டு வச்சதாப் பாத்துதான் கிள்ளினேன். வேரை அசைக்கவே இல்லை."

அது மலைக்காரர்களின் மரியாதை. இளசைத் தொடக் கூடாது, முற்றியதைத்தான் எடுக்கணும், கிழங்கை விட்டுவிடணும். அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை அவர். அவள் எட்டு வருஷம் காத்திருந்தவற்றை மட்டும் தேடித் தேடிப் பொறுக்கி எடுத்திருந்தார்.

கினுவே கிண்ணத்தைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் ஒரு மொட்டு, வெந்தும் நிறம் போகாமல் ஊதாவாகத் தெரிந்தது. அவள் உட்கார்ந்தாள், குச்சியை எடுத்தாள், அந்த மிச்சத்தை எடுத்துச் சாப்பிட்டாள். நன்றாக மென்றுதான் சாப்பிட்டாள்.

"நல்லா இருக்குப்பா. பதமா வெந்துருக்கு" என்றாள்.

பிறகு எழுந்து கடைக்குப் போய்விட்டாள். திரைக்கு அப்பால் அவள் யாரிடமோ, துண்டின் சூடு போதுமா என்று கேட்கிற குரல் கேட்டது. 

விஷயத்தைத் தோராஜியிடம் சொன்னவள் ஹாத்சுதான். அவளும் முழுதாகச் சொல்லவில்லை, பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மனுஷர் கிண்ணத்தை எடுத்து உள்ளே பார்த்தார். ஒன்றுமில்லை. திரும்பக் கவிழ்த்து வைத்தார். கடைசிப் பேருந்துக்குக் கிளம்புகிறேன் என்றவரை நோபுவோ விடவில்லை.

சாயங்காலம் கடையில் பெரிய வழக்காடல். மொட்டு நிறம் ஏறிவிட்டது, அதனால் பூத்த கணக்குத்தான் என்றது ஒரு கட்சி. வாய் திறக்காதது எப்படிப் பூவாகும் என்றது இன்னொன்று. தின்றவரே எதிர்க்கட்சிக்காரர், அவர் தின்றதால் பந்தயம் செல்லாது என்று தபால்காரர் சட்டம் பேசினார். நான்கூடப் பாட்டிலைக் கொடுத்துவிடுகிறேன், நான் தோற்றதாகவே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். கிழவர் கத்தி தீட்டுகிற தோல்பட்டையைப் பார்த்தபடி நின்றார். நோபுவோ அப்பாவிடம் இன்னும் ஒரு வருஷம் கேட்டான். "அவளே கேக்கட்டும், யோசிக்கிறேன்" என்றார்.

கினுவே துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். "பூத்தாத்தான்னு மாமா சொன்னாங்க. பூக்கலை. நாளைக்கு ஷிபாத்தா அண்ணன் வரட்டும்" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே மண்ணில் செய்தது போல. ஒருத்தி கேட்க மாட்டாள், ஒருவர் கேட்காமல் கொடுக்க மாட்டார். எல்லாரும் தலையைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை வானொலி சொன்னபடியே வெயில். அப்படி ஒரு வெயில் அந்த வருஷம் அதற்கு முன் அடிக்கவில்லை. கூரை நீராவி விட்டது, பனிக்குவியலிலிருந்து தண்ணீர் ஓடியது. கணவாய் கொண்டு வருவதாகச் சொன்ன மீன்கடைக்காரர் வெறுங்கையோடு வந்து நின்றார். ஷிபாத்தா சின்ன லாரியில் ரம்பமும் மண்வாரி இயந்திரமுமாக வந்து, ஏன் இவ்வளவு கூட்டம் என்று விழித்தான்.

கினுவே அதற்கு முன்பே கொல்லையில் இருந்தாள். கையில் தோட்டத்துக் கரண்டி, பக்கத்தில் ஈரச் சருகு நிரப்பிய மரப்பெட்டி. காங்கிரீட் போடுவதற்குள் கிழங்குகளை எடுத்து அப்பாவிடம் கொடுத்து மலைக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு. தோராஜி தொப்பியைக் கசக்கிக்கொண்டு பின்னால் நின்றார்.

"வராதும்மா. நீ தோண்டினா அறுந்துதான் போகும்" என்றார்.

அவள் கேட்கவில்லை. ஒரு சாண் தோண்டினாள். இலைக்குக் கீழே வெள்ளை நூல் போலத் தண்டு இறங்கிக்கொண்டே போனது. இழுத்துப் பார்த்தாள், பட்டென்று அறுந்தது. துண்டு கையில், கிழங்கு கீழே எங்கேயோ. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். 

"பக்கத்துல தோண்டணும். நேரா மேல இருந்து குத்தினா அறாம என்ன செய்யும்?" என்று ஒரு குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது.

எல்லாரும் திரும்பினோம். கொல்லையைப் பார்த்த கழிவறைச் சன்னல். அதன் கம்பிக்குப் பின்னால் கிசாபுரோவின் முகம். கதகுரி இனிக்கிறதே என்று அதிகம் தின்றால் வயிற்றை இளக்கும், மலைக்காரர்கள் இரண்டு வாயோடு நிறுத்திக்கொள்வார்கள். கிழவர் விடிந்ததிலிருந்து அங்கேதான் குடியிருந்தாராம். நடந்ததையெல்லாம் அந்தச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தோராஜி நிலைமையை மறந்து, "சொல்றதுக்குள்ள நீங்க முழுசும் தின்னுட்டீங்களே சம்பந்தி" என்றார். மீன்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

கிழவர் இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டே வந்தார். முகம் வெளுத்திருந்தது. கயிற்றைத் தாண்டும் முன் நின்று மரச்செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மிதித்தார். நான் அதைக் கவனித்தேன். ஈரச் சருகில் மண்டி போட்டு மருமகளைத் தள்ளி இருக்கச் சொன்னார். கரண்டியை வாங்கவில்லை. ஒரு ஒற்றை இலைக்குப் பக்கத்தில் விரலாலேயே மண்ணை அகற்ற ஆரம்பித்தார்.

ஐம்பது வருஷம் முடியைத் தொட்டுப் பழகிய விரல். கழுத்தில் ஒரு முடி மிச்சம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிறவர். அந்த வெள்ளைத் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, அறாமல், மண்ணைத் தள்ளித் தள்ளிக் கீழே போனார். மணிக்கட்டு மறைந்தது. கை பாதி மறைந்தது. சட்டையைச் சுருட்டவும் தோன்றவில்லை அவருக்கு. ஷிபாத்தா சிகரெட் பற்ற வைக்க மறந்து நின்றான். முழங்கை வரை உள்ளே போனதும் கன்னம் தரையில் பட்டது. அப்படியே படுத்துக்கொண்டார்.

"இன்னும் போகுது" என்றார் தரையில் கன்னத்தை வைத்தபடி. "இத்துனூண்டு இலை, இது எங்கதான் போகுது?"

"வருஷா வருஷம் கொஞ்சம் கீழ இறங்கும் சம்பந்தி" என்றார் தோராஜி. "மேல குளிரு, எலி, எல்லா வம்பும் இருக்குல்ல. பிடிச்ச மண்ணா இருந்தா இறங்கிக்கிட்டே இருக்கும். இறங்கினது வேற எடத்துக்கு வராது."

கிழவர் அசையவில்லை. கை உள்ளேயே இருந்தது. ஹாத்சு பயந்துபோய், என்ன ஆச்சு, மயக்கமா என்று கேட்டாள்.  அவர் கண் திறந்துதான் இருந்தது, மருமகளின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் இயந்திரத்தை விட்டா மண்ணோட ஒரே அள்ளுல வந்துரும்" என்றான் ஷிபாத்தா, உதவி செய்கிற நினைப்பில்.

"நீ வாயை மூடு" என்றார் கிழவர்.

கையை மெதுவாக வெளியே எடுத்தார். தண்டு அறவில்லை. அகற்றிய மண்ணைப் பிடி பிடியாக அள்ளிக் குழியில் போட்டார், விரலால் அமுக்கிவிட்டார். மேலே சருகை எடுத்துப் பரப்பினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஹாத்சு தானும் குனிந்து ஒரு கை சருகு அள்ளிப் போட்டாள். அவளா போட்டாள் என்று நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

"அடுத்த வருஷம் பூக்குமா?" என்று கேட்டார் கினுவேயிடம்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? "கிள்ளினதெல்லாம் திரும்ப ஒத்த இலையாத்தான் வரும் மாமா. மத்தது எப்ப ரெண்டாவது விடும்னு தெரியாது. ரெண்டு வருஷமும் ஆகலாம், நாலும் ஆகலாம். பூக்கும்னு இனிமே நான் சொல்ல மாட்டேன்."

கிழவர் தலையை ஆட்டினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழும்போது என்னைப் பார்த்துவிட்டார், அதுதான் எனக்குப் பிடித்த சனி.

"ஏய் மதுக்கடை, உன் பீர்ப் பெட்டியெல்லாம் எதுக்கு முற்றத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குது? ரெண்டு காரு நிக்கும் அங்க. ஷிபாத்தா, அவன் முற்றத்தை அளந்து பாரு."

நான் மறுத்துப் பேச வாய் எடுத்தேன். தெருவே என்னைப் பார்த்தது. அதுவும் எல்லாரையும் விட மீன்கடைக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே. பூக்காது என்று பந்தயம் வைத்து, பந்தயத்திலும் ஜெயிக்காமல் தோற்கவும் முடியாமல், கடைசியில் முற்றத்தையும் கொடுத்தவன் இந்த எச்சிகோவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெட்டிகளை அன்று சாயங்காலமே கொட்டகைக்கு மாற்றினேன். நோபுவோ சிரித்துக்கொண்டே கூட வந்து தூக்கினான்.

ஆனால் அது பிறகு. கொல்லையில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. தோராஜி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கிழவருக்கு முன்னால் வந்து இடுப்பு மடிய வணங்கினார். என் தப்புதான், தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஏதேதோ சொல்ல முயன்றார். 

கிசாபுரோ சேற்றுக் கையை உதறினார். அவருக்கு மறுபடியும் வயிறு இழுத்தது போல, அவசரமாகக் கழிவறைப் பக்கம் நகர்ந்தார். நகர்ந்துகொண்டே திரும்பிச் சொன்னார்.

"அடுத்த வருஷமும் வாங்க சம்பந்தி. கீரை பறிக்கணும்னா பறிங்க, நான் வேண்டாங்கலை. ஆனா இதுல கை வைக்கிறதுக்கு முன்னால நிலத்துக்காரியைக் கேட்டுக்குங்க."

நிலத்துக்காரி அங்கேயே, ஒரு காலைக் கயிற்றுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றாள். கையில் அந்த அறுந்த வெள்ளைத் தண்டு இன்னும் இருந்தது. முதலில் ஹாத்சு சிரித்தாள், அப்புறம் தோராஜி அழுதார். கினுவே மட்டும் கயிற்றுக்குள் வைத்த காலை மெதுவாக எடுத்து, சுற்றி நின்ற எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள். "மண்ணை மிதிக்கிறீங்க."

தெரு முழுக்க ஒரு எட்டு பின்னால் போனது.